தோற்கும் நாயகனும் இரசிகர் தீர்ப்பும்
சிவாஜி கணேசன் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சிவாஜி கணேசன் நடித்த படங்களுள் மிகச் சிறந்தது எது என்ற வினா, தமிழர் வாழும் ஊர்களிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வந்ததாகும். தேநீர்க்கடை, சிகையலங்கார நிலையம், மாணவர் விடுதி, கலியாண வீட்டுப் பந்தல் என இவ்விவாதம் நிகழாத இடம் அரிது. ஒருவர் 'கர்ணன்' என்பார். மற்றொருவர் 'பாசமலர்' என்பார். மூன்றாமவர் இருவரையும் மறுத்துத் 'தில்லானா மோகனாம்பாள்' என்பார். படத்தின் பெயரைச் சொல்வதோடு எவரும் அமைவதில்லை. ஏன் அது சிறந்தது என்பதற்குக் காரணமும் கூறுவர். இக்காரணங்களைக் கற்றோர் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. வெறும் அபிமானத்தின் வெளிப்பாடு என்று அவை ஒதுக்கப்பட்டன. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதனை உயர்ந்ததெனக் கொண்டனர், எதற்காகக் கண்ணீர் விட்டனர் என்பவற்றை அறிய விழையும் வரலாற்று மாணவனுக்கு இவற்றினும் நேரடியான சான்று கிடைப்பது அரிது.

இத்தகைய சான்று திரைப்படத்தின் வழியாகத் தோன்றியமைக்குச் சமூகக் காரணம் உண்டு. தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் நூலொன்றை வெளியிட்ட பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்வொன்றைக் கண்ட முதலாவது இடம் திரையரங்கே என எடுத்துக்காட்டினார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று. வாங்கிய டிக்கற்றின் விலையே. கோயில் மண்டபத்திலும் சங்கீத சபையிலும் தீர்ப்புக்கூற இடமளிக்கப்படாத மனிதன், கலரியில் அமர்ந்து தனது தீர்ப்பை உரத்த குரலிற் கூறினான். இரசிகனின் விளக்கம் என்பது இவ்வகையில், முன்பு பேச வாய்ப்பற்றிருந்தோர் கலை பற்றிப் பேசிய பேச்சாகும்.

வி. சி. கணேசன் சிறுவயதிலேயே பாலர் நாடகக் குழுவிற் சேர்ந்து, பெண் வேடம் உட்படப் பல வேடங்களைத் தாங்கிப் பயின்றவர். சி. என். அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' என்னும் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தமை கண்டு பெரியார் ஈ. வெ. ராமசாமி வழங்கிய பெயரே பின்னர் அவரது பெயராயிற்று. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' அவரது முதற் படம். அதன்பின் நான்கு தசாப்தங்களுக்கு மேலாக 270க்கும் அதிகமான படங்களில் அவர் நடித்தார். மன்னன், குமாஸ்தா, பாரிஸ்டர், நாதஸ்வர வித்துவான், கொள்ளைக்காரன், சிவபெருமான் என அவர் ஏற்காத பாத்திரம் அரிது. எனவே அவருடைய இரசிகனுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை ஏற்பட்டது. ஒரே வகைப் பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்கும் நடிகரின் இரசிகன், புதிய படம் வந்ததும் பழையதை மறந்துவிடலாம். பல்வகைப் பாத்திரங்களை ஏற்ற நடிகரின் இரசிகனோ ஒப்பிட்டு நோக்கவேண்டியவனாகிறான். ஒப்பீடு விமரிசனத்தின் தொடக்கமாகும்.

இவ்விளக்கங்களுள் காலத்தால் முற்பட்டது குரல் பற்றியது. 'பராசக்தி'யைத் தமக்கு விருப்பமான படமெனக் கூறும் முதற் தலைமுறையினர் அதன் கதையை அதிகம் பேசுவதில்லை. நீதிமன்றக் காட்சியையே பேசுவர். மு. கருணாநிதி எழுதிய வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்புவித்துக் காட்டுவதே அவர்தம் விளக்கம். இதற்குக் காலப் பின்னணி உண்டு. வயதுவந்தோர் யாவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்ட முதலாவது பொதுத் தேர்தல் சென்னை மாநிலத்தில் நடைபெற்றது 1952இன் தொடக்கத்தில். படம் வெளிவந்தது அவ்வாண்டுத் தீபாவளிக்கு. மேடைப்பேச்சு அரசியலின் பிரதான கருவியாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் நல்ல தமிழைக் காதாற் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்ளலாம் என்ற நிலையை அப்படம் தோற்றுவித்தது. படத்தைத் தடைசெய்யவேண்டுமெனக் குரல்கள் எழுந்தமையும் அதன் வசனத்தின் வலிமையையே காட்டிற்று.

இக்குரலின் உச்சம் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959). கெய்ரோவில் 1960இல் நடைபெற்ற ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவிற் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுக்கொடுத்த படம் அது. அதன் வசன இசைத்தட்டுகள் ஒலிபெருக்கி வழியாகத் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலித்தன. படத்தைக் காணாத சிறுவரும் அவ்வசனங்களை மனனஞ் செய்தனர். இலங்கையிலே தனிச் சிங்களச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958இல் இனக்கலவரம் நிகழ்ந்தது. 1961இற் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. மொழியுரிமை இவ்வாறு அன்றாடப் பிரச்சினையாகிவிட்டிருந்த சூழலில், அந்நியனுக்கு அடிபணிய மறுத்து ஒருவன் தமிழிற் பேசிய பேச்சு இங்கிருந்த பார்வையாளருக்கு வேறொரு பொருளையும் தந்திருக்கும் எனக் கொள்வதில் தவறில்லை.

இவ்விடத்து இரசிகர் விளக்கத்தின் குறைபாடொன்றும் சுட்டப்படுதல் வேண்டும். கட்டபொம்மன் 1799 ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டமை வரலாறு. அவனுடைய நடையும் உடையும் சொல்லும் எவ்வாறிருந்தன என்று இரசிகர் நம்பியதோ திரைப்படத்தின் படைப்பு. பாளையக்காரர் அரசியலின் சிக்கல்களும், பாளையங்களுக்கிடையே நிலவிய பகைமைகளும் படத்தில் ஒரு தலைவனின் வீரமாகவும் மற்றொருவனின் துரோகமாகவும் எளிமைப்பட்டன. நடிப்பின் வெற்றியே வரலாற்றறிவுக்கு இடையூறாயிற்று. எனவே இரசிகரின் கூற்றைக் கட்டபொம்மன் பற்றிய சான்றாகக் கொள்ளுதல் தகாது. 1959இல் வாழ்ந்த தமிழர் தம் முன்னோன் எத்தகையவனாக இருந்திருக்கவேண்டும் என விரும்பினர் என்பதற்கே அது சான்றாகும்.

அதே இயக்குநரின் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) வ. உ. சிதம்பரம்பிள்ளையின் வரலாற்றைக் கூறுவது. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டியவர், 1908இற் சிறைப்பட்டுச் செக்கிழுத்து, விடுதலையானபின் வறுமையில் வாடி, 1936இற் காலமானார். அப்படம் பொருளளவில் வெற்றி பெறவில்லை. எனினும் ஆழ்ந்த இரசிகர் பலர் 'கட்டபொம்ம'னினும் இதனையே உயர்த்திக் கூறுவர். அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது: கட்டபொம்மனிற் குரல் உயர்ந்துகொண்டே செல்கிறது, சிதம்பரனாரில் அது படிப்படியாகத் தாழ்கிறது. முழங்கிய மனிதன் முதுமையில் ஓய்ந்து அமர்ந்திருப்பதைக் காட்டுவதே கடினம் என்பது அவர்தம் துணிபு.

இவ்விளக்கம் மேலும் பெரியதோர் உண்மையை நோக்கி இட்டுச்செல்கிறது. இரசிகர் மீண்டும் மீண்டும் பெயர் கூறும் படங்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஒன்று புலனாகும். கட்டபொம்மன் தூக்கு மேடை ஏறுகிறான். சிதம்பரனார் வறுமையில் மடிகிறார். கர்ணன் களத்தில் வீழ்கிறான். 'பாசமலர்' இராஜசேகரன் பார்வையிழந்து தங்கையோடு உயிர் துறக்கிறான். 'வியட்நாம் வீடு' (1970) பத்மநாபன் ஓய்வு பெற்றபின் தன் வீட்டிலேயே மதிப்பிழந்து, இறுதியில் உயிர் விடுகிறார். 'கௌரவம்' (1973) பாரிஸ்டர் தான் வளர்த்த பிள்ளையிடமே வழக்கிற் தோற்று மாய்கிறார். 'முதல் மரியாதை' (1985) மரணப்படுக்கையிலிருந்தே நினைவுகூரப்படும் கதை. 'திருவிளையாடல்' (1965) போன்ற விதிவிலக்குகள் உண்டெனினும், சிவாஜி கணேசனின் இரசிகர் நெஞ்சில் நிலைத்த நாயகன் பெரும்பாலும் தோற்கும் நாயகனே.

சமகாலத்தில் அவரோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட எம். ஜி. இராமச்சந்திரனின் படங்களை நோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 'மதுரை வீரன்' (1956) போன்ற சிலவற்றை விடுத்தால், அவருடைய நாயகன் இறுதியில் வெல்பவன். ஏழைக்கு நீதி பெற்றுக் கொடுப்பவன். ஒருவருடைய இரசிகன் 'எங்கள் ஆள் வென்றான்' என மகிழ்ந்து வீடு திரும்பினான். மற்றவருடைய இரசிகன் 'எப்படிச் செத்தான் பார்த்தாயா' என வியந்து திரும்பினான். முன்னவன் கதையின் முடிவைப் போற்ற, பின்னவன் அம்முடிவை நடிகர் தாங்கிய முறையைப் போற்றினான். பல்வகை நடிப்பு என்பதற்கு இரசிகர் கொண்ட உட்பொருளும் இதுவே. வேடங்களின் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு விதமாகத் தோற்பான் என்பதைக் காட்டியமையே அவரது வன்மையாகக் கொள்ளப்பட்டது.

தோல்வியை இவ்வாறு இரசிக்கும் மனப்பாங்கு திரைப்படத்தோடு பிறந்ததன்று. கூத்து மரபிலே அது நன்கு ஊறியது. கர்ணன் இறப்பான் என்பதை அறிந்தே விடியும்வரை கூத்துப் பார்த்தவர் தமிழ்க் கிராமத்தவர். கதையின் முடிவை அறிய அவர் விழித்திருக்கவில்லை. அம்முடிவைக் கூத்தன் எவ்வாறு ஆடிக் காட்டுகிறான் என்பதைக் காணவே விழித்திருந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் புதுக்கி, 1962இற் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1964 பொங்கலன்று, பந்துலுவின் 'கர்ணன்' தமிழகத்தில் வெளிவந்தது. ஒன்று கற்றோர் போற்றிய கலை மீட்பு. மற்றது கற்றோர் பலர் ஒதுக்கிய வணிகப் படம். ஆனால் ஈழத்துக் கிராமத்திலிருந்து வந்து இரண்டையும் கண்ட ஒருவனுக்கு இவற்றிடையே பெரிய இடைவெளி தோன்றியிருக்க நியாயமில்லை. கொடுத்துக் கெட்டவனின் கதை இரண்டிலும் ஒன்றே. அம்பு பட்டுச் சாய்ந்தவன் தன் புண்ணியத்தையும் தானமாகக் கொடுக்கும் கட்டமே இரண்டுக்கும் உயிர்நிலை.

சிவாஜி கணேசன் மீது பன்முறை சுமத்தப்பட்ட 'மிகை நடிப்பு' என்ற குற்றச்சாட்டை இப்பின்னணியிலேயே எடைபோடுதல் வேண்டும். கமெரா நடிகனின் முகத்தை அருகிற் கொண்டுவருவதால், மேடைக்குரிய உரத்த குரலும் விரிந்த அபிநயமும் திரைக்குப் பொருந்தா என்பது விமரிசகர் வாதம். இது முற்றிலும் தவறன்று. குறிப்பாக 1970களிற் பிற்பட்ட அவரது படங்கள் சிலவற்றில், பாத்திரத்தின் தேவையின்றியே பழைய அபிநயங்கள் திரும்ப வந்தமையை நேர்மையான இரசிகரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் ஒலிபெருக்கியில்லாத காலத்துக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய நடிகர் அவர். உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டுவதே கலையென அறிந்த கூட்டம் அவரது பார்வையாளர். அவர்களிடையே நிலவிய ஒப்பந்தத்தைப் புறக்கணித்து, மேற்குலக யதார்த்த நடிப்பை மாத்திரம் அளவுகோலாகக் கொள்வது, பரதநாட்டியத்தை நடையென்று எண்ணி அளப்பது போன்றதாகும்.

மேலும், அவருக்கு அடங்கிய நடிப்புத் தெரியாதென்பதும் உண்மையன்று. எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல்களே இல்லாத படம். அதிலே யுத்த காலத்தில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியியலாளனாக அவர் நடித்தார். முதற் படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குள், இரசிகரின் அனுதாபத்தை இழக்கும் துரோகிப் பாத்திரத்தை ஏற்கத் துணிந்தமை நோக்கத்தக்கது. 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். திரையிலே கன்னம் புடைப்பதும், விரல் அசைவதும், மூச்சு வாங்கும் கணமும் இசையோடு பிசகாமல் இணைகின்றன. இப்படத்தைத் தேர்ந்தெடுக்கும் இரசிகர், கண்ணீரையோ வசனத்தையோ காரணங்காட்டுவதில்லை. நாதஸ்வரக்காரரே நம்பும்படி நடித்தார் என்பதே அவர் வாதம். இது தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனுக்குத் தரும் மதிப்பாகும். 'நவராத்திரி' (1964) அவரது நூறாவது படம். ஒன்பது வேடங்களை அதில் அவர் ஏற்றார். இளைய இரசிகர் ஒன்பது என்ற எண்ணை வியக்க, முதியோர் அவ்வொன்பதுள் கூத்துக் கலைஞனின் வேடத்தைத் தனியே எடுத்துப் பேசினர். வியப்பு எண்ணிக்கையிலிருந்து தரத்துக்கு மாறும் வளர்ச்சி இதிற் புலனாகும்.

குடும்பப் படங்களைப் பற்றிய விளக்கங்களே பதிவுகளில் மிகக் குறைவாகக் காணப்படுவன. ஏ. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' (1961), தொழிலாளியாயிருந்து முதலாளியான அண்ணனுக்கும் அவன் தங்கைக்கும் இடையிலான அன்பைக் கூறுவது. இதற்குத் திரண்டோரிற் பெண்கள் கணிசமானோர். ஆனால் இரசிகர் மன்றங்களில் உறுப்பினராயிருந்தவரும், பத்திரிகைகளுக்கு எழுதியவரும், தேநீர்க்கடையில் வாதிட்டவரும் பெரும்பாலும் ஆண்களே. மணமாகிப் பிறந்த வீட்டை விட்டுச் சென்ற பெண்ணொருத்தி அப்படத்தில் எதனைக் கண்டு அழுதாள் என்பதை எவரும் கேட்டு எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. இரசிகர் வரலாறு என இன்று எஞ்சியிருப்பது பாதி வரலாறே என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 'வியட்நாம் வீடு' இதற்கு மாறானது. உத்தியோகத்தையே கௌரவமாகக் கொண்டு, ஓய்வு பெற்ற மறுநாளே அக்கௌரவம் கரையக் காணும் குடும்பத் தலைவனின் கதை அது. அரசாங்க உத்தியோகத்தைக் குடும்பத்தின் உச்சப் பேறாகக் கருதி வந்த யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினர் பத்மநாபனைத் தம் தந்தையாகவோ தம்மையாகவோ கண்டனர் எனின் வியப்பில்லை.

இலங்கையில் இவ்விளக்கங்கள் உருப்பெற்ற சூழலும் தமிழகத்துச் சூழலும் ஒன்றல்ல. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமைக்கப்பட்ட திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் வசமாக்கியது. தமிழகத்தில் வெளியான படம் இங்கு வந்துசேரக் காலம் சென்றது. பழைய படங்கள் மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டன. தமிழக இரசிகன் புதிய படத்தை எதிர்பார்த்திருக்க, இலங்கை இரசிகன் பழைய படத்தை நுணுகிக் கற்றான். 'பைலட் பிரேம்நாத்' (1978) இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக அமைந்து, சிங்களத் திரையுலகின் புகழ்பெற்ற நடிகை மாலினி பொன்சேகாவை அவரோடு இணைத்தது. அதனை அவரது தலைசிறந்த படமென எவரும் வாதிடுவதரிது. விருப்பமான படமெனக் கூறுவோர் பலர். தாம் அறிந்த நிலத்தைத் தம் நடிகரோடு திரையிற் கண்ட மகிழ்ச்சியே அதற்குக் காரணம். சிறந்தது வேறு, விருப்பமானது வேறு என்ற வேறுபாட்டை இரசிகர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதுவொன்றே போதிய சான்று.

இரசிகர் தீர்ப்பின் எல்லையை அரசியல் காட்டிற்று. எம். ஜி. இராமச்சந்திரன் 1977இல் முதலமைச்சராகி, 1987இல் இறக்கும்வரை செல்வாக்கோடு விளங்கினார். சிவாஜி கணேசனோ 1988இற் தமிழக முன்னேற்ற முன்னணி என்னும் கட்சியைத் தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். இதற்குக் கட்சிப் பிளவு, கூட்டணி, அமைப்பு வலிமையின்மை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் ஒன்றைச் சேர்த்துக் கூறலாம். வெல்பவனாகத் திரையிற் தோன்றியவனிடம் மக்கள் நாட்டை ஒப்படைக்க விரும்புவர். தம் துயரைத் தமக்காகத் தாங்கியவனிடம் அன்பு செலுத்துவர். அன்பு எப்பொழுதும் வாக்காக மாறுவதில்லை.

'முதல் மரியாதை' வெளிவந்தபோது, பழைய விவாதத்துக்கு எதிர்பாராத திருப்பம் ஏற்பட்டது. பாரதிராஜாவின் இயக்கத்திலே முழக்கமும் பகட்டும் நீங்கிய கிராமத்துப் பெரியவராக அவர் தோன்றினார். அதுகாறும் அவரை மறுத்து வந்தோர் இதனையே அவரது சிறந்த படமென்றனர். பழைய இரசிகர் மகிழ்ந்தனர். ஆனால் சிறிது மனவருத்தமும் கொண்டனர். அடங்கி நடித்தமையால் மாத்திரமே அவர் நடிகரானார் எனக் கூறுவது, முப்பதாண்டுக் காலம் தாம் கண்டு அழுததைப் பொய்யென்பது போலாகும் அன்றோ? 2012ஆம் ஆண்டிலே 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து நூறு நாள்களுக்கு மேல் ஓடியபோது அவ்வருத்தம் ஓரளவு தீர்ந்தது. 2001 யூலை 21ஆம் திகதி மறைந்த நடிகரின் உரத்த குரலைக் கேட்க, அவர் உச்சத்திலிருந்த காலத்தில் பிறந்திராத இளைஞரும் அரங்கிற் கூடினர்.

ஆயினும் இலங்கையில் அவ்வாறு மீண்டும் கூடுதற்குரிய அரங்குகள் பல எஞ்சவில்லை. யாழ்ப்பாணத்திலே ராணி, மனோகரா, வெலிங்டன், வின்சர், ரீகல் எனப் பெயர்பெற்று விளங்கிய திரையரங்குகளின் காலத்தை யுத்தம் விழுங்கிற்று. 1990களில் மின்சாரமின்றியிருந்த குடாநாட்டில், ஜெனரேற்றரின் இரைச்சலுக்கிடையே சிறு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊரவர் கூடி அப்பழைய படங்களைக் கண்டனர். இடப்பெயர்வு இரசிகரையும் பல நாடுகளுக்குச் சிதறடித்தது. வீட்டோடும் ஊரோடும் அவர்களின் பாட்டுப் புத்தகங்களும் அழிந்தன. எஞ்சியிருப்பது அவர்களின் பேச்சு ஒன்றே, அப்பேச்சுக்குரியோரும் முதுமையடைந்துவிட்டனர்.

மன்னரின் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர்கள் நம் முன்னோராகிய ஆய்வாளர்கள். கலரியில் அமர்ந்த மனிதன் தன் தீர்ப்பைக் கல்லிற் பொறிக்கவில்லை. எந்தப் படம், எந்த அரங்கு, யாரோடு சென்றது, எக்காட்சியில் கண் கலங்கியது, ஏன் என்ற ஐந்து வினாக்களை ஒவ்வொரு வீட்டிலுமுள்ள முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பணியன்று. அதனை முதலில் பெண்களிடம் தொடங்குவது பொருத்தம். தோற்கும் நாயகனை ஒரு சமூகம் ஏன் இத்துணை நேசித்தது என்பதற்குரிய விடையின் மறுபாதி அவர்களிடமே இருக்கின்றது.